கோலாலம்பூரில் படிக்கிறவன்

“ஒரு மணிக்குப் பெட்டிய எடுத்திரணும்னு நான்—”

“அண்ணன் வராம எடுக்க வுடமாட்டேன் சித்தப்பா!”

“சொன்னா கேளு நவமணி, நான் எல்லாம் பேசி—”

“நீங்க பேசுனது போதும்!”

சமையற்கட்டில் குரலை அடக்கித்தான் சண்டை போட்டார்கள். எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு; பலகைச் சுவர். முன்னறைப் பெட்டியில் நவமணியின் அப்பா சுப்பன் கிடந்தார். முப்பத்தெட்டு வருடம் தேயிலைக்கு மருந்தடித்த மனிதர்.

“ஜெயில் வேன் வாசல்ல வந்து நின்னா, ஆறு வருசமா உங்கப்பன் சொல்லிக்கிட்டு இருந்தது என்னாவும்? லயமே சிரிக்கும்லா. செத்த மனுசன பொய்யனாக்கப் போறியா?”

நவமணி முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஈப்போவில் நடந்த அடிதடியில் ஒருவன் செத்துப்போக, அண்ணன் அகிலன் ஜெயிலுக்குப் போனான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அப்பாவுக்கு ஒரே பேச்சு: “மவன் கோலாலம்பூர்ல படிக்கிறான்.” மகனைப் பார்க்க ஒருமுறைகூட அவர் போனதில்லை. மாதாமாதம் பஸ் ஏறியவள் நவமணிதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவின் பொய்யை அண்ணனிடம் சொன்னவளும் அவள்தான். அடுத்த மாதம் போனபோது, படிக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தான். பாதியில் விட்ட எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முதலில் எழுதித் தேறினான். பிறகு, அந்தச் சுவருக்குள்ளிருந்தே டிகிரிக்குச் சேர்ந்தான்.

அது தெரிந்த அன்று நவமணி வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள்.

“அப்பா, அண்ணன் நெசமாவே காலேஜ் படிப்பு படிக்குதுப்பா.”

மருந்துப் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“நான் வுட்ட பொய்ய எனக்கே விக்கிறியா?”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வெளியே வேன் மேடேறும் சத்தம் கேட்டது.

“வந்துட்டானுங்க,” என்றார் சித்தப்பா. தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு வார்டன்களுக்கு நடுவே அகிலன் இறங்கினான். கையில் இருந்த விலங்கின்மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள். பாதி தூரத்திலேயே அது நழுவி விழுந்தது. கூட்டம் அசையவில்லை. நவமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” பக்கத்து வீட்டு வேலாயியின் குரல். “படிக்கப் போன புள்ள வந்திருக்கு. வழி வுடுங்க. அப்பன் மொகத்தப் பாக்கட்டும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கி விலகி நின்றார்கள். “வாய்யா,” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

நவமணி கண்ணைத் திறந்தாள். இவர்களுக்கு எத்தனை வருசமாகத் தெரியும்? அப்பாவிடம் மகனின் படிப்பை விசாரித்து விசாரித்து, அத்தனை பேரும்... அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலாயி வாய்க்கரிசித் தட்டை நீட்டினாள். விலங்கைக் கழற்ற வார்டன் சாவியை எடுத்தார்.

“பரவால்ல துவான்,” என்று அந்த அதிகாரியைத் தடுத்தான் அகிலன்.

ஒரு கை அள்ளியபோது இன்னொரு கையும் கூடவே போனது. நடுவிரலின் ஓரம் பேனா பிடித்துக் காய்த்திருந்தது. கீழே அப்பாவின் உள்ளங்கை, பம்புப் பிடியால் காய்த்தது. நவமணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அரிசியைப் போட்டுவிட்டு அவன் எழுந்திருக்கவில்லை. காதருகே குனிந்தான்.

“இன்னும் ரெண்டு பேப்பர்தாம்ப்பா பாக்கி.”