‘கிளியர்லி’ விழுந்த பக்கம்

அறிக்கையில் ‘கிளியர்லி’ என்ற சொல்லைக் கண்டாலே கலாராணிக்குக் கை பரபரக்கும். பதுளையில் அவள் ஆங்கிலம் திருத்திக் கொடுக்கத் தொடங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. கணக்கு விரிவுரையாளர், மண் ஆராய்ச்சிக்காரர், பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் அவள் மேசைக்கு வந்து போயிருக்கிறார்கள். எல்லோரிடமும் அவள் கண்டது ஒன்றுதான். நிரூபணம் கையில் இருப்பவன் நிரூபணத்தை எழுதுவான். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவன்தான் ‘கிளியர்லி’ என்று எழுதி, மிச்ச வழியை நம் தலையில் கட்டுவான்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலை அவளிடம் வந்தது நிருபனின் அறிக்கை. நிருபன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மண்சரிவு ஆபத்தை அளக்கும் அலுவலகத்தில் வேலை. ஸ்பிரிங்வெளிக்கு மேலே, தேயிலைத் தோட்டச் சரிவில் தொழிலாளர் குடியிருக்கும் பதினெட்டு வீட்டு வரிசையான லயம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தான். சுவர் வெடித்து, வெடிப்பு வாரா வாரம் விரிந்ததால், அந்தக் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஜனவரி நடுவிலிருந்து வெடிப்பின் அகலம் பூச்சியம் என்றும், ஆகவே ‘கிளியர்லி’ சரிவு அசைவதை நிறுத்திவிட்டது என்றும் பதினாலாம் பக்கம் சொன்னது. மறுநாள் பட்டியலை முடிவு செய்யும் கூட்டம். இந்தப் பக்கத்தைப் படித்தார்களானால் பதினெட்டுக் குடும்பமும் பட்டியலுக்கு வெளியே.

“இதுக்கு என்ன ஆதாரம் சார்?” என்று கேட்டாள்.

“ஏழு கிழமையா பூச்சியம். அட்டவணையில கிடக்குதே. நீங்கள் இங்கிலீஷை மட்டும் பாருங்கோ மிஸ்.”

“இங்கிலீஷைத்தான் பாக்குறேன். விரிஞ்ச வெடிப்பு தானா மூடிக்குமா?”

“ஈரத்தில களிமண் ஊதும். மூடலாம்.”

“மூடலாம். மூடிச்சா? அளந்தது யாரு?”

அளந்தது அந்த லயத்து நல்லம்மா. சுவரில் மூன்று இடத்தில் சிவப்புக் குறி போட்டு, சனிக்கிழமை தோறும் அளந்து போனில் அனுப்பும்படி நிருபன்தான் பழக்கியிருந்தான். ஒரு வாரம் தவறவில்லை.

“அவ பொய் சொல்லுற ஆளில்லை” என்றான் நிருபன்.

“பொய்னு யாரு சொன்னா? ஜனவரி நடுவுல என்ன சார் வரும்?”

லயத்தில் பிறந்து வளர்ந்த கலாராணிக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. குடையை எடுத்தாள். “பொங்கல் வரும். வாங்க, பஸ்ஸு போயிரும்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நல்லம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிவப்புக் குறி மூன்று மட்டும் அழியாமல் நின்றன.

“வெடிப்பு எங்கை அக்கா?” நிருபன் குறிகளுக்கு நடுவே சுவரைத் தடவிப் பார்த்தான்.

“பொங்கலுக்குப் பூசியாச்சுங்களே! நீங்க வந்து போற வீட்ட ஓட்டையும் ஒடசலுமா வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? மறுபடி கோடு விழுந்துச்சு. விழ விழ, வெள்ளிக்கெழம வீடு கழுவுறப்ப சிமெந்தக் கொழச்சு அப்பிருவேன். சனிக்கெழம அளந்தா ஒண்ணும் இருக்காதுங்க. அதத்தான் அனுப்புனேன்.”

கலாராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லம்மா மேல் அல்ல. அவள் உள்ளதை உள்ளபடி அளந்திருக்கிறாள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் ஒரு சொல்லைப் போட்டு மூடிய அந்தப் பதினாலாம் பக்கத்தின் மேல்தான் கோபம்.

“அலவாங்கு இருக்கா?” என்றாள்.

நல்லம்மா கொண்டுவந்த கடப்பாரையை வாங்கி நிருபனே குத்தினான். மூன்றாவது குத்தில் பூச்சு பொலபொலவென்று விழுந்தது. ஜனவரியில் ஒன்பது மில்லிமீட்டராக இருந்த வெடிப்புக்குள் இப்போது நல்லம்மாவின் கை பக்கவாட்டில் போய் வந்தது. அந்தப் பக்கம் தேயிலைச் செடி பச்சையாகத் தெரிந்தது.

“நான் ஒரு மடையன் மிஸ்.”

“அத எழுத வேணாம் சார். மத்த எல்லாத்தையும் எழுதுங்க.”

அவன் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டான். எந்த வீடு, எந்தச் சுவர், யார் எத்தனை தடவை பூசியது, எப்போது உடைத்தது, உள்ளே எவ்வளவு அகலம் என்று கலாராணி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைத்தாள். ஓரிடத்தில் அவன் கை நின்றது.

“ஆர் பார்த்ததெண்டு போடுறது? ‘அவதானிக்கப்பட்டது’ எண்டுதான் எங்கட வழக்கம்.”

“செவுத்துக்கா கண்ணு இருக்கு? நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன், நல்லம்மா பாத்தாங்க. மூணு பேரையும் போடுங்க.”

போட்டான். கடைசி வரியை நல்லம்மாவுக்குத் தமிழில் வாசித்தும் காட்டினான்: சரிவு இன்னும் அசைகிறது, இன்றிலிருந்து இந்த லயத்தில் யாரும் தங்கக்கூடாது.

நல்லம்மா சுவரைப் பார்த்தாள். “எம் புள்ளைக ரெண்டும் இந்தச் செவுத்துப் பக்கந்தான் தல வச்சுப் படுக்குதுங்க. இத்தன நாளா நான் இதையா மறச்சுக்கிட்டு இருந்தேன்?”

அவள் அழத் தொடங்கினாள். கலாராணி அவள் தோளைத் தொட்டாள்.

“நீங்க வாரம் தவறாம அளந்து அனுப்புனதுனாலதான் நாங்க இன்னிக்கு வந்து நிக்கிறோம். அழுவாதீங்க. வேலை இருக்கு.”

நல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாரைக் கேட்கவில்லை, மிஸ்ஸைக் கேட்கவில்லை. வாசலில் இறங்கி நின்று லயமே அதிரக் கத்தினாள்:

“ஏய், எல்லாரும் சாமான எடுங்க! ஸ்கூல் மண்டபத்துக்குப் போறோம்!”

நிருபன் போட்ட போனை அவன் மேலதிகாரி எடுப்பதற்குள் ஆறு வீட்டுப் பாய் வெளியே வந்துவிட்டது.