துண்டுக்குக் கீழே வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு துண்டுக்குக் கீழே பிறந்தது. சார்ஜர் வயர் வாங்க ஒரு வீடியோ கேம் கடைக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை உருவி, மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியின் மேல் போட்டார். அவர் சும்மா இருந்திருந்தால் நானும் வயரோடு போயிருப்பேன்.

"உள்ள என்ன?"

"வெள்ளிக்கிழமை," என்றார்.

வெள்ளிக்கிழமை வெளியாகப்போகும் கேம் அது. பெட்டி செவ்வாய்க்கிழமையே கடைக்கு வந்துவிடும், ஆனால் வெள்ளி வரை விற்கக் கூடாது. விற்றது தெரிந்தால் கம்பெனி சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிடும். அதன் பிறகு கடைக்காரர் செல்போன் உறை விற்றுத்தான் பிழைக்க வேண்டும்.

தெரிந்தும் சில கடைக்காரர்கள் ஏன் முன்கூட்டியே விற்கிறார்கள்? இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன், கதையாகிவிட்டது. என் கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..." வேண்டாம். மழையில் கடைக்கு யார் வருவார்கள்?

அடுத்தது: "மனித ஆசைக்கும் நாட்காட்டிக்கும் உள்ள தொன்மையான..." எனக்கே கொட்டாவி வருகிறது.

இன்னொன்று: நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கேம் கடைக்குள் வந்தாள்.

இது நிற்கும். மேலே எழுதினேன். கைப்பையைத் திறந்தபோது அவளுடைய வீட்டுச் சாவி கீழே விழுந்தது. சட்டென்று குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தக் கேம் வந்துடுச்சா?"

"வெள்ளிக்கிழமை வாம்மா."

"வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். டாக்டர் தேதி குடுத்துட்டாங்க. முன்னாடி வந்த ரெண்டு பாகமும் ஆடி முடிச்சுட்டேன் அண்ணே. இதான் கடைசிப் பாகம். குழந்தை வந்துட்டா அப்புறம் என் கை எனக்குச் சொந்தமா இருக்காது. அம்மா ஆகறதுக்குள்ள இந்த ஒண்ணையாவது முடிச்சுட்டுப் போறேனே."

கடைக்காரரின் கை துண்டை நோக்கிப் போனது.

3

இந்த இடத்தில் என் மனைவி காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள்.

"நிறைமாசத்துல எவ இப்படிச் சட்டுனு குனிவா? எனக்கு அப்ப என் காலே கண்ணுக்குத் தெரியல. செருப்பு மாட்டிவிட்டது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அவள் தங்கை.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் எழுத்தாளனுக்குக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"தப்பெல்லாம் இல்ல, வேணும்னுதான் வெச்சேன்," என்றேன். "அவ கர்ப்பிணியே இல்ல. வயித்துல தலகாணி. யார் முன்னாடியே விக்கறாங்கன்னு பிடிக்க கம்பெனி அனுப்பின ஆளு."

"அடப்பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

(நிஜக் கம்பெனிகள் இப்படி ஆள் அனுப்புமா என்று எனக்குத் தெரியாது. என் கதைக் கம்பெனி அனுப்பும். இனி அதற்கு வேறு வழியில்லை.)

4

என் பிழையைக் கதைக்குள்ளும் யாராவது கவனிக்க வேண்டுமே! கல்லாவில் இருந்த கடைக்காரரின் மனைவி கவனித்தாள். கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவ குனிஞ்சதைப் பாத்தீங்களா? அது வயிறு இல்ல, தலகாணி. குடுத்தீங்கன்னா கடை போயிடும்."

"எதிர்க் கடையில நேத்தே வித்துட்டாங்களாம்டி."

"எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல!"

எதிர்க் கடை அவளுடைய அண்ணன் கடை. (அங்கே அவரும் மனைவியிடம், "மாப்பிள்ளை வித்துட்டாராம்டி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் விற்றது யார் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். எல்லாருமே இரண்டாவதாகத்தான் விற்றிருக்கிறார்கள்.)

ஆக, வந்தவள் பொய் என்றால், கொடுத்ததும் கடை போகும். அவள் நிஜமென்றால், கேம் கிடைக்காமல், தனக்கென்று கேட்ட கடைசி ஆசையையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். இரண்டில் எது என்று சொல்ல வேண்டிய நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

5

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"கதை எங்க சார்?"

"வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க?"

"போட்டிப் பத்திரிகை நாளைக்கே வருதாம். இருக்கறதைக் குடுங்க. ஆள் அனுப்பிட்டேன்."

"இன்னும் முடிவே எழுதலையே!"

"அதுவரைக்கும் யார் சார் படிக்கறாங்க?"

அதனால் உங்கள் கையில் இருப்பது தேதிக்கு முன்பே வெளியே போன பிரதி. பிழைகளோடுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

6

கடைக்காரரின் மனைவி மேசைமேல் இருந்த கடைச் சாவிக்கொத்தை முழங்கையால் மெல்லத் தள்ளினாள். அது அந்தப் பெண்ணின் காலடியில் போய் விழுந்தது.

"அச்சச்சோ! அதைக் கொஞ்சம் எடுத்துக் குடேம்மா."

என் திட்டம் இதுதான். சட்டென்று குனிந்தால் தலையணை, திணறினால் பிள்ளை. முடிவு தானாக வந்துவிடும். பெண் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். உடம்பை மெதுவாகத் தாழ்த்தி...

"நீ குனியாதம்மா! நில்லு, நில்லு!"

கடைக்காரர் மேசையைச் சுற்றி ஓடி வந்துவிட்டார். தானே குனிந்து சாவியை எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகி நிமிர்ந்தார். சோதனை பாழ். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைகள் முன்பே விற்பதற்குக் கட்டுரைக்காக நான் சேர்த்து வைத்திருந்த காரணங்களில் இந்த மனிதர் இல்லவே இல்லை. மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி, கடைக்காரர் குனிந்த வரியை மறுபடியும் படித்தாள்.

"கடைக்காரர் நல்ல மனுஷன்," என்றாள். பிறகு, "குடுத்தாரா?"

"தெரியல."

"குடுக்கச் சொல்லுங்க."

வாசலில் மணி அடிக்கிறது. ஆசிரியர் அனுப்பிய ஆள் வந்துவிட்டான். கடைக்காரர் சாவியோடு மேசைக்கு வெளியே நிற்கிறார், நான் எழுந்து கதவைத் திறக்கப் போகிறேன். கடையில் மேசைக்கு உள்பக்கம் இப்போது உங்களைத் தவிர யாருமில்லை. காலில் இடிப்பதுதான் பெட்டி. துண்டு அதன் மேலேயே கிடக்கிறது.

உங்களை அண்ணே என்று கூப்பிடுவதா, அக்கா என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் அந்தப் பெண் நிற்கிறாள்.