பேர் சொல்லாத பாட்டு

ஷட்டரைப் பாதி இறக்கியபோது மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, காலைல பத்து மணிக்கே சாத்துறீங்க?"

"அரியலூர்ல ஒரு சாவு சார். தெரிஞ்சவர் ஒருத்தர்."

பழனிவேலின் வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது. மூளை அப்புறம்தான் வந்து சேர்ந்தது. விடிகாலையில் செத்துப்போனது அவனைப் பெற்ற அப்பா, அரியமுத்து. வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. ஷட்டரை முழுதாக இறக்கி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் வரைக்கும் இருந்தது. அவன் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்றைக்குப் பார்த்து அது ஒரு கேடு, பழசெல்லாம் கிளம்பி வந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் பதிந்து கொடுக்கும் கடையை அவன் எண்பதில் போட்டான். சினிமாப் பாட்டு வயிற்றுக்கு, ரயில் பாட்டு ஆசைக்கு. ரயில் வந்த புதிதில் ஜனங்கள் அதைப் பார்த்து வாய்பிளந்து பாடியவை, தண்டவாளம் போட்டவர்கள் பாடியவை என்று பழைய இசைத்தட்டுகளைத் திருச்சியின் பழைய சாமான் கடைகளில் தோண்டி எடுத்து வருவான். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கரகரப்புக் குறையும் வரை ஊசியை மாற்றி மாற்றி ஓட்டி, கேசட்டில் ஏற்றுவான். எல்லாம் காலம் கடந்த பதிவுகள், உரிமை கேட்டு ஒருவரும் வரப்போவதில்லை.

அவற்றோடு ஒரு ஸ்பூல் டேப்பும் கிடைத்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன், அரியலூர்ப் பாதையில் கேங் ஆட்கள் கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பும்போது பாடியதை ஒரு ரயில்வே இன்ஜினியர் பிடித்து வைத்திருந்தார். அவர் வீட்டில் எடைக்குப் போட இருந்ததைப் பழனிவேல் கேட்டு வாங்கி வந்தான். அதில் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அரியமுத்து.

கேங்கில் ஒரு முறை உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேங் வேலை செய்தால் யார் குரலுக்கு நெம்புவது என்று குழம்பிப்போகும், கை நசுங்கும். அதனால் பாட்டெடுப்பவர் முதலில் தன் பேரையும் இடத்தையும் உரக்கச் சொல்லிவிட வேண்டும். டேப்பிலும் சொல்லியிருந்தார். "அரியமுத்து, சின்னான் மவன், வடக்குச் சேரி." அதற்கு அப்புறம்தான் பாட்டு.

பன்னிரண்டு விநாடி. பழனிவேல் பிளேடால் அதை நறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒட்டினான். கடையும் குடியிருப்பும் ஒரே வீட்டுக்காரரிடம் வாடகைக்கு. அரியலூரில் எந்தத் தெரு என்று அவர் கேட்டபோது என்னத்தையோ சொல்லி மழுப்பித்தான் வீடு கிடைத்தது. அப்பா பேர் வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பேரும் அந்தச் சேரியும் ஒன்றாக ஒலிக்கக் கூடாது. கேசட் அட்டையில் அழகான எழுத்தில் எழுதினான், பாடியவர் பெயர் தெரியவில்லை என்று.

பாட்டைக் கேட்க அப்பா ஒருநாள் கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றுகொண்டே கேட்டார். எடுத்த எடுப்பில் பாட்டு வந்ததும் அவர் முகம் தடுமாறியது.

"ஆரம்பத்துல கொஞ்சம் பூஞ்சை புடிச்சிருந்துச்சு" என்றான் பழனிவேல், யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல.

அப்பா வீட்டுக்காரரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கேசட்டை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு, "நல்லா சுத்தமா இருக்குங்க சார். வரேன்" என்று படியிறங்கிப் போனார்.

பெற்ற பிள்ளையை சார் என்றார். பிள்ளையும் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான். அந்தத் தலையைத்தான் இன்றைக்கு அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

வடக்குச் சேரியில் பந்தல் போட்டு மைக் செட் கட்டியிருந்தார்கள். அம்மா இருசம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. குளிப்பாட்டிக் கோடி போர்த்தி எல்லாம் முடிந்த பிறகு, அப்பாவோடு முப்பது வருஷம் கேங்கில் இருந்த கண்ணையன் அந்தக் கேசட்டோடு வந்தார்.

"பழனி, இதப் போடச் சொல்லு. அவன் கொரலக் கேட்டுட்டுத்தான் அவனத் தூக்கணும்."

வேப்பமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாயிலிருந்து அரியமுத்துவின் குரல் ஊருக்கெல்லாம் கேட்டது. ஏழெட்டுப் பழைய கேங் ஆட்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். பாட்டு முடிந்ததும் கண்ணையன் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்.

"பேரு சொல்லாமயே எடுத்துட்டான் பாரு. எவ்வளவு கேலி பண்ணியிருக்கோம் தெரியுமா? நீ சொன்னடா, என் காதால கேட்டேன்னு நான் அடிச்சு சொன்னேன். இல்ல கண்ணையா, மிசினப் பாத்த பயத்துல மறந்துட்டேன்னு ஒரேயடியா சாதிச்சுட்டான். ரெண்டு வருசமா டீக்கடையில பேரு மறந்தவன்னுதான் அவனக் கூப்புடுறது. கேட்டுட்டு சும்மா சிரிப்பான்."

பழனிவேல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"டேப்பு கெட்டுப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு நானும் கேட்டேன்" என்றாள் அவள் மெதுவாக. "புள்ளைக்குத் தொழில் தெரியலம்பாங்க, வேணாம்னுட்டாரு."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. காலையிலிருந்து வராத அழுகை இப்போது முட்டிக்கொண்டு வந்தது. அதை அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

"மாமா."

"என்னப்பா" என்றார் கண்ணையன்.

"அப்பா பேரு சொல்லியிருந்தாரு. நான்தான் வெட்டி எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"சேரின்னு வந்துச்சு மாமா."

கண்ணையன் மைக் செட் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்தத் துண்டு இருக்கா?"

"இல்ல. பெருக்கித் தள்ளியாச்சு."

ஓங்கி ஓர் அறை விழும் என்று பழனிவேல் எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவர் மற்ற ஆட்களிடம் போய் நின்றார். என்ன சொன்னார் என்பது இங்கே கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வந்து அரியமுத்துவின் காலைத் தொட்டார்கள். அவரைவிட மூத்தவர்களும் தொட்டார்கள்.

கொள்ளிச்சட்டியைப் பழனிவேல் கையில் கொடுத்தார்கள். மைக் செட்காரர், "இன்னொரு தடவ போடட்டுங்களா?" என்று கேட்டார். கண்ணையன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பாடையின் முன்பக்கத்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். அவர் பாட்டெடுப்பார், அதற்குக் கால் சேர்த்துத் தூக்கிப் போவார்கள் என்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை, மற்றவர்களும் எடுக்கவில்லை.

சுடுகாட்டுக்கு ரயில் பாதையை ஒட்டித்தான் வழி. சட்டி ஏந்தி முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பழனிவேல் பார்க்கவில்லை. பின்னால் சரளைக்கல்லில் காலடிகள் மட்டும் கேட்டன, ஒரு கால் விழுந்து ஓய்வதற்குள் இன்னொரு கால், அதற்குள் வேறொன்று. நாலு அடிக்கு ஒருதரம் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "பாத்து, பாத்து" என்று யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள்.