பதினோராம் நம்பர் சக்கரம்

கையில் இரண்டு பால் பாக்கெட்டைத் தொங்கவிட்டபடி என் வீட்டுக்காரர் மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் அடுக்குமாடி சொஸைட்டியின் பன்னிரண்டு வீட்டுக் கரண்ட் மீட்டர்களும் அங்கேதான் ஒரு பெரிய மரப்பலகையில் மூன்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு சுற்றி வருவதைக் கோயில் பிரகாரத்தில் நிற்பவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். பால் வாங்கப் போனவர் திரும்பிவர இவ்வளவு நேரமா என்று நான் முதல் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். "கண்ணாலயே நம்ம சக்கரத்தப் புடிச்சு நிறுத்திப்போடுவீங்களாட்ட இருக்குது" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே படியேறி வருவார். கஞ்சத்தனம் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

2005-ஆம் வருஷம், கோடை தொடங்கும் நேரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய சக்கர மீட்டர்களை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மீட்டர் பொருத்தப்போகிறார்கள், குடியிருப்போர் ஒத்துழைக்க வேண்டும் என்று மராத்தியிலும் இங்கிலீஷிலும் போட்டிருந்தது. ஒத்துழைப்பதா, எதிர்ப்பதா என்று முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை சொஸைட்டிக் கூட்டம். நோட்டீஸைப் படித்துவிட்டு வந்த அன்று அவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

இதைச் சொல்வதற்கு முன் வாசுதேவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசுண்ணாவும் என் வீட்டுக்காரர் பாலச்சந்திரனும் சிங்காநல்லூரில் அடுத்தடுத்த தெரு. எழுபத்தாறில் ஒரே ரயிலில் புனே வந்து, சிஞ்ச்வட்டில் ஒரே மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே சொஸைட்டியில் வீடு வாங்கினார்கள். எங்களுக்கு ஐந்தாம் நம்பர், அவர்களுக்கு மூன்றாம் மாடியில் பதினோராம் நம்பர். வாசுண்ணாவின் மனைவி சாவித்ரியக்கா கோயமுத்தூரிலிருந்து ஒரு கிரைண்டரை ரயிலிலேயே கொண்டுவந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் மாவு அதில்தான் ஆடும். வாரத்துக்கு ஒருமுறை ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு மேலே போவேன். கிரைண்டர் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பேச்சுப் பழகிவிட்டோம். கீழே வந்தும் கத்துவேன் என்று இவர் திட்டுவார்.

தொண்ணூற்றைந்தில் அக்கா வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது, கீசர் வந்தது. ஆனால் மாதாமாதம் கரண்ட் பில் எங்களைவிட அவர்களுக்குத்தான் குறைவு. அப்போது என் வீட்டுக்காரர்தான் சொஸைட்டி செக்ரட்டரி. ஒருநாள் கிரைண்டர் மேலே கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது படிக்கு அடியில் போய்ப் பார்த்திருக்கிறார். பதினோராம் நம்பர் சக்கரம் நகரவே இல்லை. சாப்பிடும்போது குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். வாசு ஏதோ பண்ணியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார்.

நான் திறந்தேன். வெள்ளிக்கிழமை துணி காயப்போடும்போது, கீழ்வீட்டு குல்கர்ணியம்மாவிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில், பதினோராம் நம்பர் மீட்டர் சுற்றுவதே இல்லையாம், எங்களுடையதுதான் பம்பரமாகச் சுற்றுகிறது என்றேன். பொறாமை, வேறென்ன. குல்கர்ணியம்மாவின் தம்பிக்கு மின்சார ஆபீஸில்தான் வேலை. அது எனக்குத் தெரியும். சொன்ன நேரத்தில் அது ஞாபகத்தில் இருந்ததா இல்லையா என்று எத்தனையோ தடவை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தது என்று ஒருநாள் தோன்றும், இல்லை என்று ஒருநாள் தோன்றும்.

சனிக்கிழமையே ஜீப் வந்துவிட்டது. மீட்டரின் கண்ணாடி இடுக்கிலிருந்து ஒரு துண்டு கேமரா ஃபிலிமை இழுத்தெடுத்தார்கள். சக்கரத்தைத் தடுக்க அதைச் செருகியிருந்தார் வாசுண்ணா. வந்த அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, செக்ரட்டரி என்ற முறையில் இவரிடமும் காட்டினார். லோணாவளாவுக்கு இரண்டு குடும்பமும் சுற்றுலா போனபோது எடுத்த படத்தின் நெகடிவ். எங்கள் எல்லார் தலைமுடியும் அதில் வெள்ளையாக இருந்ததாம். சாட்சிக் கையெழுத்து இவரிடம்தான் வாங்கினார்கள். சொஸைட்டி முழுக்கப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வாசுண்ணா கூச்சல் போடவில்லை. "ஏன்டா பாலு, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். இவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

ஒரு வாரத்துக்கு அவர்கள் வீட்டுக் கரண்டை வெட்டிவிட்டார்கள். அன்று என் அரிசியும் உளுந்தும் மேலே அவர்கள் சமையலறையில் ஊறிக்கொண்டிருந்தன. சாயங்காலம் கதவைத் திறந்தால் இரண்டு பாத்திரமும் மூடி போட்டு வாசலில் இருந்தன. தண்ணீரை வடித்துக்கூட வைத்திருந்தாள் அக்கா. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் எங்களுக்கு வரவில்லை. படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி நிற்பார்கள். 2001-இல் அக்கா போனபோது சுடுகாட்டில் இவர் கடைசி ஆளாக நின்றுவிட்டு வந்தார். வாசுண்ணாவின் மகள் பார்கவி கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். பதினோராம் நம்பரில் வாசுண்ணா தனியாள் ஆனார்.

கூட்டத்துக்கு வருகிறேன். புது செக்ரட்டரி தேஷ்பாண்டே, சின்ன வயசுக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புது மீட்டர் துல்லியமாக எண்ணும், யார் எப்போது கைவைத்தாலும் நேரத்தோடு ஞாபகம் வைத்துக்கொள்ளும், போகப்போக ஆள் வராமல் ஆபீஸிலிருந்தே கணக்கெடுத்துவிடுவார்கள் என்று விளக்கினான். டிவியை ரிமோட்டில் அணைத்தால்கூட அது எண்ணுமாமே என்று ஒரு அம்மா கேட்டாள். பக்கத்து சொஸைட்டியில் மாற்றியதிலிருந்து குதிரை மாதிரி ஓடுகிறதாம் என்றார் இன்னொருவர். திருடாதவனுக்கு என்ன பயம் என்று யாரோ சொன்னதும் நாலைந்து பேர் கடைசி வரிசைக்குத் திரும்பினார்கள். அங்கே வாசுண்ணா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். வழக்கமாகக் கூட்டத்தில் வாய் திறக்காத மனுஷன். தன்னுடைய தொழிற்சாலை இந்தியில், வேண்டாம், பழைய மீட்டரே இருக்கட்டும், அதில் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது என்றார். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று தேஷ்பாண்டே கேட்டான். இவர் சக்கரம் தெரிய வேண்டும் என்றே மறுபடி மறுபடி சொன்னார். "அங்கிள், உங்க மீட்டர்ல என்ன செருகி வெச்சிருக்கீங்க?" என்று அவன் விளையாட்டாகக் கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். இவர் காது சிவந்து நின்றார்.

சிரிப்பு அடங்குவதற்கு முன் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. புது மீட்டர் வேண்டும் என்று முதலில் தூக்கிய கை வாசுண்ணாவுடையதுதான். மராத்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "மீட்டர் படிக்க வர்றவன் படிச்சுட்டுப் போகட்டும். படியேறிப் போறவங்க எல்லாம் என் வீட்டைப் படிக்க வேண்டாம்." இவர் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பின் எட்டுக் கை உயர்ந்தது. இவர் கையோடு எதிர்ப்புக்கு இரண்டே கை. இன்னொன்று நான், வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்று தூக்கியது.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். யாருக்காக இப்படி மானத்தை வாங்கிக்கொள்கிறீர்கள், மாசம் நூறு இருநூறு கூடினால் குடியா முழுகிப்போகும் என்று கத்தினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"நம்ம சக்கரத்த நான் எப்பப் பாத்தேன்? காலைல ஆறு மணிக்கு வாசு கீசர் போடுவான். பதினொண்ணு சல்லுனு ஓடும். ஓடுச்சுன்னா எந்திரிச்சுட்டான்னு அர்த்தம். அவ்வளவுதான்."

இன்னும் சொன்னார். மெதுவாக ஓடினால் ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும்தான், படுத்திருக்கிறான். நடுவில் கொஞ்ச நேரம் வேகமெடுத்தால் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், எங்கோ வெளியே கிளம்புகிறான். போன தீபாவளிக்கு கிரைண்டர் ஓடியிருக்கிறது, தனியாளுக்கு எதற்கு இவ்வளவு மாவு என்று பார்த்தால் பார்கவி வந்திருக்கிறாள். அடுக்கிக்கொண்டே போனார். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு தன் சிநேகிதனோடு அவர் பழகியது இப்படித்தான். வியாழக்கிழமைகளில் இவர் ஏன் வள்ளென்று விழுவார் என்பதும் அன்றுதான் விளங்கியது. இந்தப் பக்கத்தில் லைன் வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவது வியாழனன்று. அன்று பகலில் பன்னிரண்டு சக்கரமும் நின்றுவிடும். வெயில் தாங்காமல் எரிந்து விழுகிறார் என்று நான் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் என் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அன்றைக்கு குல்கர்ணியம்மாவிடம் உளறியது நான்தான் என்று. சொல்லவில்லை. உள்ளே போய்க் குக்கரை வைத்தேன்.

மே மாசம் மாற்றினார்கள். சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள், ஓடும் எண்கள், விட்டுவிட்டு மின்னும் ஒரு சிவப்புப் பொட்டு. அதையாவது பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று இவர் நினைத்திருப்பார். வேலை முடிந்ததும் பன்னிரண்டையும் ஒரு இரும்பு அலமாரிக்குள் அடைத்து, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள். சாவி ஆபீஸில். மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு அந்தச் சாம்பல் நிறக் கதவின் முன்னால் நின்றார். கதவில் காதை வைத்துப் பார்த்தார். அதையும் நான் மேலேயிருந்து பார்த்தேன், கேலி செய்ய வரவில்லை.

அப்புறம் பால்கனிதான். வாசுண்ணா காலை பத்து மணிவாக்கில் காய்கறிப் பையோடு கேட்டைத் தாண்டிப் போவார். அதைப் பார்த்தால்தான் இவர் குளிக்கப் போவார். இரண்டு மாசம் இப்படிப் போனது. ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் வாசுண்ணா இறங்காவிட்டால் இவர் பால்கனியில் சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த மாசம் ஒரு புதன்கிழமை மழை இல்லை. வாசுண்ணாவும் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. ஒன்பது மணிக்கே கரண்ட் போயிருந்தது. மத்தியானம் இவர் தட்டைத் தள்ளி வைத்தார். நாலு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். போய்க் கதவைத் தட்டித்தான் பாருங்களேன் என்றேன்.

"நான் போனா தொறக்க மாட்டான். நீ போ, நீலா."

"எனக்கு மட்டும் தொறப்பாரா?"

போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அன்னைக்கு மீட்டரப் பத்திச் சொன்னது நீதான்னு சொல்லு. தொறப்பான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேனா, உதடு மட்டும் அசைந்ததா, தெரியவில்லை. குல்கர்ணியம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாளாம், உங்கள் வீட்டம்மாவால்தான் தெரியவந்தது என்று பாராட்டாகவே சொன்னாளாம். பொண்டாட்டி பேரைச் சொல்வதற்கு, தன் பேரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாராம். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

மூன்றாம் மாடிப் படிக்கு ஜன்னல் கிடையாது. கரண்ட் இல்லாத பகலில் அங்கே பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். பத்து வருஷத்துக்குப் பின் அந்தப் படியில் ஏறுகிறேன். பதினோராம் நம்பர் கைப்பிடியில் பால் பை தொங்கியது. உள்ளே இரண்டு பாக்கெட். ஒன்று இன்றையது, இன்னொன்று உப்பிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் பெல்லை அழுத்தினேன், அடிக்கவில்லை. வியாழக்கிழமை என்பது அப்புறம்தான் உறைத்தது. கதவைத் தட்டினேன்.

"வாசுண்ணா, நீலா வந்திருக்கேனுங்க."

மறுபடி தட்டினேன். உள்ளங்கை வலிக்கும்வரை தட்டினேன். எதிர்வீடு பூட்டியிருந்தது. கதவில் நெற்றி படும்படி நெருங்கி நின்று சொன்னேன். "அண்ணா, அன்னைக்குச் சொன்னது அவரில்லீங்க. நான்தானுங்க. குல்கர்ணியம்மாகிட்ட நான்தான் சொன்னேன். அவரு ஒண்ணும் பண்ணலீங்க." முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேசுவதைப் போலச் சத்தமாகவே சொன்னேன். என் குரல் படியில் கீழே இறங்கிப் போனது.

அப்போது கரண்ட் வந்தது. கட்டடம் முழுக்க ஒரே சமயத்தில் ஃபேன்கள் முனகத் தொடங்கின. பதினோராம் நம்பருக்குள் டிவி தானாகவே பேச ஆரம்பித்தது. ஒரு பெண் மராத்தியில் எங்கெங்கே மழை பெய்யும் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டியூப்லைட் இரண்டு மூன்று தடவை துடித்து நின்று எரிந்தது. கதவின் அடியிடுக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம் வெளியே வந்து என் கால் விரல்களில் விழுந்தது.

டிவி சத்தம் கீழேவரை கேட்டிருக்க வேண்டும். முதல் மாடியிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"நீலா, எந்திரிச்சுட்டானா?"

நான் அந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.