கண் பக்கமா, காதுப் பக்கமா

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை ஆஸ்பத்திரி நடைபாதையில் என் அக்கா அழுதுகொண்டிருந்தபோது உதித்தது. அவளுக்குத் தண்ணீர் வாங்கித் தர வேண்டிய நேரத்தில் நான் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் புத்தி, வேறென்ன.

2

முதல் வரி: "அத்தானின் நெற்றிப்பொட்டில் அஸ்தமனச் சூரியனாய் ஒரு..."

[தூ. நீக்கியாயிற்று.]

இரண்டாவது: "மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் அத்தானுக்கு, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு கட்டி." இது போதும்.

கட்டியைப் பார்த்ததும் பெரிய டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தோல் சர்கோமா! லட்சத்துல ஒருத்தருக்குத்தான் சார் வரும்."

"அப்போ ஒரு லாட்டரிச் சீட்டும் எடுத்துடறேன்," என்றார் அத்தான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தப் புற்று தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் பரவும். ஆகவே சுற்றிலும் அகலமாக வெட்டி, வெட்டிய துண்டின் ஓரங்களைப் பரிசோதிப்பார்கள். ஓரம் சுத்தம் என்று தெரியும்வரை காயத்தைத் தைக்காமல் கட்டுப்போட்டு வைப்பார்கள். என் கதைகளை நானும் இப்படிப் பார்த்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.)

3

அத்தானுக்கும் அப்படியே வெட்டினார்கள். வெட்டிய துண்டு வட்டமாக இருக்கும். திசை தெரிய அதில் நூல் போட்டு அனுப்புவது வழக்கம்: கண் பக்கம் குட்டை நூல், காதுப் பக்கம் நெட்டை நூல். உதவி டாக்டர் நேர்த்திப் பைத்தியம். இரண்டையும் ஒரே அளவாக நறுக்கிவிட்டார்.

பரிசோதனைக் கூடம் சொன்னது: ஒரு பக்கம் சுத்தம், எதிர்ப்பக்கம் புற்று மிச்சம். எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

[இந்த உதவி டாக்டர் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்பீர்கள். எனக்கும்தான்.]

டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். இதை மாநாட்டில் படிக்கலாம் என்றார் ஒருவர். நூலுக்குத் தனிக் கட்டுரையே போடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் பெரிய டாக்டர் எங்களிடம் வந்தார்.

"முதல்ல ஒரு பக்கம் எடுத்துப் பாக்கலாம். அங்க புற்று இருந்தா இன்னொரு பக்கம் தப்பிச்சுடும். கண் பக்கம்னா இமை ஓரம் போகும், காதுப் பக்கம்னா பாதிக் காது போகும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"காது போனா கண்ணாடியை எதுல மாட்டுறது? கண்ணு போனா கண்ணாடியே எதுக்கு?" அத்தான் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அக்கா.

"எனக்கு மட்டும் இல்லையாடி?"

4

முடிவு ஒன்று: காதுப் பக்கம் வெட்டினார்கள். புற்று அங்கேதான் இருந்தது. கண் தப்பியது.

[அக்கா படித்துவிட்டு, "உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்டா" என்றாள். பலிக்காவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த முடிவை அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: கண் பக்கம் வெட்டினார்கள். புற்று...

[கை ஓடவில்லை.]

5

அத்தான் மேசையில் படுத்திருக்கிறார். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துக்காக என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெட்டும் இடத்தைக் குறிக்க டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் சார்?"

"என் மச்சான் கதையெல்லாம் எழுதுவான். அவனையே கேளுங்க."

பேனா என் பக்கம் திரும்பியது. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும். அத்தானுக்கு இப்போதைக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.