என்றென்றைக்கும் என்று எழுதிய கல்

எங்கள் பெய்ராமோன் கிராமத்தில் ஒரு கோட்டை இருக்கிறது. சரியாகச் சொன்னால் ஒன்றரைச் சுவர். அந்த அரைச் சுவரில் ஆடுகள் படுத்திருக்கும். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒன்றரைச் சுவரை ஒன்றரை மணி நேரம் காட்டுவது என் பிழைப்பு. அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினேன். பேருந்து இருந்தது, நான் இருந்தேன், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்.

வருகிறவர்கள் அருவி வரை நடப்பார்கள், கல்பாலத்தைப் படம் எடுப்பார்கள், கடைசியில் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "இங்க பேய் எதுவும் இல்லையா?" பக்கத்து ஊரில் இரண்டு இருந்தன. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. மானப்பிரச்சினை. ஆகவே நானே ஒன்றைத் தயாரித்தேன்.

இடம் தயாராக இருந்தது. ஓடைக்கரையில் பழைய சலவைக் கூடம்: பாசி படிந்த கூரை, நீளமான கல்தொட்டி, அதைச் சுற்றிச் சாய்வான துவைகற்கள். ஒரு பெயர்தான் வேண்டும். உயிரோடு இருக்கும் குடும்பத்தின் பெயரை எடுத்தால் உதை விழும். அதனால் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

அங்கே சில கல்லறைகளில் ஊர் மன்றம் மஞ்சள் சீட்டு வைத்திருக்கும்: "கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உரியவர்கள் மன்றத்தை அணுகவும்." யாரும் அணுகாவிட்டால், சில வருடங்களில் எலும்புகளைப் பொதுக்குழியில் சேர்த்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு இருந்தால் சொந்தம் இல்லை. சொந்தம் இல்லாவிட்டால் உதை இல்லை. மூலையில் ஒரு கல் கண்ணில் பட்டது. செலி வெர்ன்யோல். தேதியைப் பாசி மூடியிருந்தது. 1911 மட்டும் தெரிந்தது. அதன் கீழே ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள்: "என்றென்றைக்கும்". அந்தச் சொல்லின் மேலேயேதான் சீட்டைச் சாத்தி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் என்றென்றைக்கும் என்றால், மன்றத்துக்கு இடம் தேவைப்படும் வரை.

இப்படித்தான் செலி என் பேயானாள். பெரிய வெள்ளியன்று இங்கே யாரும் துணி துவைப்பதில்லை. என் கதையில் செலி துவைத்தாள், கடவுள் பயம் இல்லாதவள் என்பதால். ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணிக்குத் தண்ணீர் சிவந்தது. தொட்டியில் விழுந்து செத்தாள். "உஷ்... கேளுங்க. இன்னமும் துவைக்கிறா" என்பேன். என் காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும் தரைப்பலகையைக் குதிகாலால் அழுத்துவேன். தப்... தப். கச்சிதமாக, துவைமட்டை துணியில் விழும் சத்தம். பெண்கள் கணவர்களைப் பிடித்துக்கொள்வார்கள். கணவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான்கு கோடை இப்படி ஓடியது. விடுதிக்காரி ஃபெர்நாந்த் 'சலவைக்காரி ஆம்லெட்' என்று ஒன்று போட ஆரம்பித்தாள். சாதாரண ஆம்லெட்தான், கொஞ்சம் ஈரமாக இருக்கும்.

போன அக்டோபரில் கடைசிக் குழு வந்தது: பெல்ஜியத்திலிருந்து ஒரு வயதான தம்பதி. பனிமூட்டம் ஓடையை விட்டு எழவே இல்லை. மூன்று மணி. கதையைச் சொல்லி, "உஷ்" என்று, குதிகாலை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தேன். மன்றத்து ஆட்கள் புண்ணியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பலகையில் நான்கு புது ஆணிகள்.

அசடு வழியச் சிரிக்க வாயைத் திறந்தபோது, தொட்டியின் எதிர்க்கரையிலிருந்து வந்தது.

தப். தப். பிறகு, துணியைப் புரட்டிப் போட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, தப்.

பெல்ஜியக்காரர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கைகள் இரண்டும் கோட்டுப் பைகளுக்குள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.

நேரே ஊர் மன்றத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் சொலாஞ்ச். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். என் கணக்கு விடைகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

"என்னடா, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? ஃபெர்நாந்த் ஆம்லெட்டு தின்னியா?"

"செலி வெர்ன்யோல் யாரு, சொலாஞ்ச்?"

"உன் பேயி. என்கிட்ட கேக்குற?"

"விளையாடாத தாயே. பழைய பதிவேட்டைப் பாரு."

அவள் முணுமுணுத்தபடியே எடுத்து வந்தாள். விரலை ஓட்டினாள். நின்றாள். கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"ஏப்ரல் பதினாலு, 1911. சலவைக் கூடத்துல, பகல் மூணு மணிக்கு. அது பெரிய வெள்ளிடா, கஸ்பார். இதைப் பாத்துட்டுத்தானே கதை கட்டின?"

"சத்தியமா இல்ல. நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அந்த வருடத்து மன்றக் கூட்டக் குறிப்பையும் தேடி எடுத்தாள். அதை வாய்விட்டுப் படித்தாள். டைபாய்டு கண்ட ஏழு வீடுகளின் படுக்கை விரிப்புகளைப் புனித வாரத்தில் தொட யாரும் முன்வராதபோது, செலி வெர்ன்யோல் தனியாக எல்லாவற்றையும் துவைத்தாள். அந்த வேலையிலேயே விழுந்து இறந்தாள். சொந்தம் யாரும் இல்லாததால் ஊரே அவளுக்குச் சொந்தம் என்று கருதி, மன்றம் அவளுக்கு இலவசமாக ஓர் இடம் அளிக்கிறது. என்றென்றைக்கும்.



"நீ அவளைக் கடவுள் பயம் இல்லாதவள்னு சொல்லிச் சொல்லிக் காசு பாத்த," என்றாள் சொலாஞ்ச், மெதுவாக. "நாங்க சீட்டு வெச்சோம். ரெண்டு பேருமே நல்லா இருப்போம், போ."

"சீட்டை எடுத்துடு."

"என் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. சகல புனிதர் திருநாளுக்கு மறுநாள் மேயர் கடைசியா வந்து பாப்பாரு. யாராவது கவனிச்ச அடையாளம் இருந்தா விட்டுடுவாங்க. இல்லேன்னா பொதுக்குழிதான்."

"நான் ஒரு பூச்சட்டி வெச்சா?"

"வை. ஆனா ஊரு என்ன சொல்லும்னு தெரியுமில்ல?"

தெரியும். சகல புனிதர் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் நிற்கும், ஆளுக்கொரு சாமந்திச் சட்டியோடு. யார் எந்தக் கல்லில் சட்டி வைக்கிறார்கள் என்பதுதான் அன்றைக்குச் செய்தி. வைத்தால் சொந்தம். வேறு அர்த்தமே கிடையாது.

திருநாளன்று, நவம்பர் முதல் தேதி, தேய்க்கும் பிரஷ், ஒரு வாளி, மஞ்சள் சாமந்தியோடு போனேன். மண்டியிட்டுப் பாசியைத் தேய்த்தேன். பின்னால் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

"அட, கஸ்பார்! பேய்க்குப் புருஷனாயிட்டியா?" இது தபால்காரர் எதியேன்.

"சம்பளம் கேட்டாளா, பாவம்? நாலு வருஷ பாக்கி இருக்குமே!" இது இன்னொரு குரல்.

சிரிப்பு. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். எழுந்தேன், முழங்கால் இரண்டும் ஈரம். மன்றத்துக் குறிப்பின் நகல் சட்டைப்பையில் இருந்தது. முதலில், நான் சொன்னதெல்லாம் பொய் என்றேன். பிறகு குறிப்பைப் படித்தேன். காய்ச்சல் கண்ட ஏழு வீடுகளின் பெயர்களும் அதில் இருந்தன. தயிஃபே. புர்தேல். மசோனி. படிக்கப் படிக்க, சாமந்திச் சட்டியோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். அவர்களுடைய குடும்பப் பெயர்கள்தானே. ஐந்தாவது பெயர் ஷசான்யூ. அது என் குடும்பப் பெயர். அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

ஃபெர்நாந்த் தன் கணவரின் கல்லுக்குப் போய், அங்கிருந்த இரண்டு சட்டிகளில் ஒன்றைத் தூக்கி வந்து செலியின் கல்லில் வைத்தாள்.

"அவருக்கு ஒண்ணு போதும்," என்றாள். "இருந்தப்போ ஒரு பூவுக்கும் நன்றி சொன்னதில்ல அந்த மனுஷன்."

மறுநாள் மேயர் வந்தபோது கல்லே தெரியவில்லை, பூக்கள்தான் தெரிந்தன. சீட்டைச் சொலாஞ்ச் தன் கையால் எடுத்தாள்.

இப்போது நான் உண்மைக் கதையைச் சொல்கிறேன். வருகிறவர்கள் பாதியில் அருவிக்குப் போய்விடுகிறார்கள். ஆம்லெட்டின் பெயரும் மாறிவிட்டது, ஈரம் மாறவில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று தனியாகச் சலவைக் கூடத்துக்குப் போனேன். வெயில் அடித்தது. மூன்று மணிக்குச் சத்தம் எதுவும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பிறகுதான் எதிர்க்கரையைப் பார்த்தேன். எல்லாத் துவைகற்களும் காய்ந்து வெளுத்திருந்தன. ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது, அதிலிருந்து தண்ணீர் இன்னும் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கழற்றினேன்.

"மன்னிச்சுடுங்க, மதாம்," என்றேன். "எங்க வீட்டு விரிப்பும் அதுல இருந்துச்சாம். எனக்குத் தெரியாது."

தப்.

ஒரே ஒரு முறைதான். பழக்கதோஷம், முதலில் என் காலைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை.