சூடேறினால் அடங்கும் சத்தம்

வேலுமணி ஒரு இஞ்சினைக் கட்டி முடித்தால் அதை முதலில் கேட்பது கார்க்காரர் இல்லை, அவர் மனைவி சூர்யகலாதான். நத்தம் ரோட்டில் பட்டறை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷம் சமைத்தவளுக்கு எந்த இஞ்சின் எதற்கு முனகுகிறது என்று தெரியாமலா போகும்? சாவியைத் திருகியதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். செத்த நேரம் காது கொடுப்பாள். "ம், அனுப்புங்க" என்றால் வண்டி போகும். முகத்தைச் சுளித்தாளோ, இஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

அந்தச் சூர்யகலா இப்போது ஓசூரில் இருக்கிறாள். மகள் புவனேஸ்வரிக்குக் குழந்தை பிறந்தபோது, "மூணு மாசம் இருந்துட்டு வாரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யார் பார்ப்பது? பேரன் இப்போது நடக்கவே ஆரம்பித்துவிட்டான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை, அதுதான் எரிச்சல். சண்டை போட்டுக்கொண்டு போன மனைவி என்றால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். பேரனைப் பார்க்கப் போனவளுக்காகத் தலை நரைத்த ஆம்பளை புலம்பினால் ஊர் சிரிக்காதா? வேலுமணி கடையில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தார்.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தவன்தான் ஸ்ரீஹரி. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர் வீட்டுப் பையன். அவனுடைய காருக்கு நானூறு குதிரைசக்தி வேண்டுமாம்.

"ஏனுங்கண்ணா, பெரிய டர்போ ஒண்ணு மாட்டுனாப் போதாதுங்களா?"

"மாட்டலாம் தம்பி. அது திணிக்கிற காத்துக்கு, உள்ள பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற ராடு முருங்கைக் கெளையாட்டம் முறிஞ்சு, இஞ்சினைப் பொத்துக்கிட்டு ரோட்டுல விழும். பரவால்லையா?"

பையன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பலம் வேண்டுமென்றால் முதலில் தாங்கும் உடம்பு வேண்டும். பழைய ராடுகளையும் பிஸ்டன்களையும் கழற்றிப் போட்டுவிட்டு, வார்க்காமல் அடித்துச் செய்த கெட்டியானவற்றை வரவழைத்தார் வேலுமணி. பேகம்பூர் லேத்துக்கார ஆசாத்திடம் கொடுத்து சிலிண்டரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகக் கடையச் சொன்னார். இந்த ஜாதிப் பிஸ்டன் சூட்டில் அதிகமாக விரியும், அதற்கு இடம் விட வேண்டும். அதனால் ஆறிக் கிடக்கும்போது அது உள்ளே ஆடி டக் டக்கென்று அடிக்கும், சூடேறினால் அடங்கிவிடும். வியாதி இல்லை, சுபாவம். வேறு சோலி என்ன கிடக்கிறது? ஒவ்வொரு போல்ட்டையும் பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி நிதானமாக முடுக்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஸ்ரீஹரி வண்டி எடுக்க வருகிறான். அவள் கேட்காமல் ஸ்டார்ட் செய்ய வேலுமணிக்கு மனசு வரவில்லை. ஓசூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பானட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

"என்னங்க, பிஸ்டன் அடிக்குது!" என்றாள் சூர்யகலா, எடுத்த எடுப்பிலேயே.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தக் காது அப்படியே இருக்கிறது! "இது வேற பிஸ்டன் கலா, சூடேறுனா அடங்கிரும். செத்த நேரம் லைன்லயே இரு, கேளு."

"இருக்கேன், இருக்கேன். ஐயோ, இவன் என்னத்தையோ வாயில போட்டுட்டான்! வச்சிர்றேங்க. பிரிச்சுப் பாருங்க, அப்படியே குடுத்துராதீங்க." லைன் அறுந்தது.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கமாட்டார்கள் என்பார்கள். இங்கே சூடேறப் பொறுக்க ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது, பிறகு சுத்தமாக நின்றது. இத்தனை நல்ல இஞ்சினை வேலுமணி தன் ஆயுசில் கட்டியதில்லை. பழக்கதோஷத்தில் அடுப்படிக் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. இஞ்சினை அணைத்தார்.

உடனே கூப்பிட்டுச் சொல்லத்தான் போனை எடுத்தார். எடுத்த கை நின்றது. நல்ல சேதி சொன்னால் என்ன ஆகும்? "அப்ப சரிங்க, சாப்டீங்களா?" என்பாள், வைத்துவிடுவாள். கொஞ்ச நாளாக எல்லாப் பேச்சும் அங்கேதான் முடிகிறது.

பேரனைத் தூங்கவைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள். "என்னங்க, சத்தம் நின்னுச்சா?" குரலில் அம்புட்டுப் பதற்றம். அவருக்காக அவள் பதறி எத்தனை நாளாயிற்று!

"இல்ல கலா," என்றார் வேலுமணி. "இன்னும் அடிக்குது."

அவ்வளவுதான். ராடா, பேரிங்கா, ஆசாத் சரியாகக் கடைந்தானா, ஆயில் என்ன ஊற்றினீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நேரம் போனதே தெரியவில்லை.

"போன்ல கேட்டா எனக்கு ஒண்ணும் புரியல. புவனாவை லீவு போடச் சொல்றேன். வெள்ளிக்கிழமை வாரேன், நேர்ல கேப்போம். அதுவரைக்கும் வண்டியக் குடுக்காதீங்க."

வந்து கேட்டால் குட்டு உடைந்துவிடும். உடையட்டும், வந்து வையட்டும். போனை வைத்ததும் ஸ்ரீஹரியைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு வராத. இஞ்சின்ல ஒரு சத்தம் இருக்கு."

"நீங்க கட்டுனதுலயாங்கண்ணா?" பையனால் நம்ப முடியவில்லை.

பட்டறை வாசலில் முப்பது வருஷமாகத் தொங்குகிற தன் பெயர்ப் பலகையை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமா தம்பி," என்றார். "என் வேலையிலதான் தப்பு."